மேரி: இடிந்த கட்டிடமும் எழும்பாத மன்றமும்

1

புதுச்சேரிக்காரர்களுக்கு ‘மேரி’ என்றால் மாதா அல்ல, நகராட்சி. “மேரில எழுதிட்டியா?” என்று ஒருவர் கேட்டால், பிள்ளை பிறந்ததைப் பதிவு செய்தாயிற்றா என்று அர்த்தம். மேயரின் அலுவலகத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் புல்வார் போல, சொல்தா போல, தலைமுறை தலைமுறையாக இங்கே தமிழாகவே புழங்கிவருகிறது. கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நின்ற பெரிய தூண் கட்டிடத்துக்கும் அதே பெயர்தான். 1870-71இல் கட்டியது. 2014 நவம்பர் 29ஆம் தேதி, ஒரு மழைநாளில், அது இடிந்து விழுந்தது.

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்திரங்களும் குவியலாகக் கிடந்தன. வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள், வருத்தப்பட்டவர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஒரு பெரியவர், “எலெக்‌ஷனே இல்லாத மேரி, இருந்தா என்ன, வுழுந்தா என்ன” என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவர் யாரென்று தெரியாது. இந்தக் கட்டுரை அவருக்குப் பதில் சொல்லும் முயற்சி என்று வைத்துக்கொள்ளலாம். பதில் என்பதைவிட, அவர் சொன்னதன் பின்னால் இருக்கிற வரலாற்றை எழுதிப் பார்ப்பது.

2021 பிப்ரவரி 25ஆம் தேதி, திரும்பக் கட்டிய மேரியைப் பிரதமர் திறந்துவைத்தார். செலவு ஏறத்தாழ 15 கோடி ரூபாய். பழைய தோற்றம் அப்படியே மீட்கப்பட்டது என்றார்கள். ஆங்கிலச் செய்திக்குறிப்பில் கட்டிடத்தின் பெயர் பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயராக மாறியிருந்தது, மேயரைக் குறிக்கும் எழுத்துகள் அதில் இல்லை. எழுத்துப்பிழைதான், சரி. ஆனால் அந்தப் பிழை நிலைமையைச் சரியாகவே சொன்னது. அன்றைக்குப் புதுச்சேரியில் மேயரும் இல்லை, நகராட்சித் தலைவரும் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2011இலேயே முடிந்துபோயிருந்தது.

ஒரு நகரமன்றக் கட்டிடத்தை முகப்பு மாறாமல் மீட்பது சாத்தியம், நகரமன்றத்தை மீட்பது மட்டும் சாத்தியமில்லை என்ற நிலை எப்படி வந்தது? பாரம்பரியம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? சுவரையா, சுவருக்குள் நடந்ததையா?

2

முதலில் காகிதத்தைப் பற்றி.

தெரிதா 1995இல் வெளியான தமது ஆவணக்காப்பகம் பற்றிய நூலில் ஒரு சொல்லின் வேரை நினைவூட்டுகிறார். ஆவணக்காப்பகத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல், கிரேக்க மொழியில் ஆளும் அதிகாரிகள் குடியிருந்த வீட்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஊரின் காகிதங்கள் அந்த வீட்டில் வைக்கப்பட்டன. காகிதத்தைக் காப்பதும் அதற்குப் பொருள் சொல்வதும் அந்த வீட்டுக்காரர்களின் உரிமை. ஆகவே ஆவணம் எங்கே இருக்கிறது என்பது வெறும் இடம் பற்றிய கேள்வியல்ல, யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி. இதைப் புதுச்சேரியில் புரிந்துகொள்ளத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்திருந்தால் போதும்.

நான் அலைந்தேன். என் அத்தை முத்தியால்பேட்டையில் 1931இல் பிறந்தவர். ஒரு குடும்பச் சொத்து விவகாரத்துக்காக அவருடைய பிறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டது. “எத்தா சிவில்ல கேளுடா, அப்பா எழுதி வச்சிருக்காரு” என்றார் அத்தை. எத்தா சிவில் என்பது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு. பிரெஞ்சிந்தியாவில் சுதேசிகளுக்கும் இதை முறையாக விதித்தது 1880இல் வந்த ஆணை. நான் ஏறி இறங்கிய அலுவலகத்தில், “பிரெஞ்சுல இருக்கு சார், படிக்கிற ஆளு ரிட்டயராயிட்டாரு” என்றார்கள். மூன்று மாதம் கழித்து, கருணையுள்ள ஒரு ஊழியரின் தயவில் பதிவேட்டையே பார்த்தேன்.

ஒரு பக்கம். இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன நாள், காலை இத்தனை மணிக்கு எம்முன் ஆஜரானவர் என்று தொடங்கும் வழக்கமான வாசகம். என் தாத்தாவின் பெயர், வயது, நெசவு என்ற தொழில், தெரு. இரண்டு சாட்சிகள். கீழே ஒரு சாட்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னார் எனப் பிரெஞ்சில் ஒரு வரி. அதற்குப் பக்கத்தில், அந்தப் பிரெஞ்சு எழுத்துகளுக்கு நடுவே, நீலமும் கறுப்புமாக மங்கிப்போன மையில், தமிழில் என் தாத்தாவின் கையெழுத்து. அவர் எழுதிய வேறு எதையும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவருடைய புகைப்படமும் கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன்? காலனிய ஆவணம் என்றாலே கவர்னர் கடிதம், கோட்டை, போர், ஒப்பந்தம் என்று நாம் பழகிவிட்டோம். நகராட்சியின் காகிதம் வேறு மாதிரி. அதில் ஒரு நெசவாளி, ஒரு மீனவர், ஒரு தோட்டி, ஒரு விதவை நேரில் வந்து நின்ற தடயம் இருக்கிறது. அவர்கள் வந்தது விரும்பியா, கட்டாயத்தாலா என்பது வேறு விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பக்கங்களில் சாதியும் எழுதப்பட்டது. பதிவு என்பதே கண்காணிப்பின் ஒரு தொழில்நுட்பம் என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதே பக்கம்தான் பின்னாளில் பேரப்பிள்ளைகளுக்குக் குடியுரிமையையும் பென்ஷனையும் வீட்டையும் நிரூபித்துக் கொடுத்தது. ஆள்வதற்காக எழுதப்பட்ட காகிதத்தை ஆளப்பட்டவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்ட கதைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

இன்னொன்று. 1776 ஜூனில் வெர்சாயில் பிறந்த ஒரு ஆணைப்படி, காலனிகளின் பதிவேடுகளுக்கும் நோட்டரிப் பத்திரங்களுக்கும் ஒரு பிரதி பிரான்சுக்குப் போயாக வேண்டும். கரையானும் கடல்காற்றும் தின்றுவிடும் என்ற பயம் ஒரு காரணம். விளைவு, எங்கள் ஊரின் பழைய பிறப்பு இறப்புகளை இன்றைக்குத் தெற்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் பார்க்கலாம், கணினித் திரையிலும் பார்க்கலாம். காலனிகளை விட்டுப் போகும்போது பிரெஞ்சுக்காரர்கள் காகிதத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: இறையாண்மை சார்ந்தவை அவர்களுக்கு, அன்றாட நிர்வாகம் சார்ந்தவை இங்கே. லாசுப்பேட்டையில் தேசிய ஆவணக்காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையில் ஒரு பகுதி இருக்கிறது. நகராட்சிகளின் காகிதம் இந்தப் பிரிவினையில் தாழ்ந்த பொருள். யாரும் கப்பலேற்ற ஆசைப்படாததால்தான் அதில் பெரும்பகுதி இங்கே தங்கியது. ஆசைப்படாததாலேயே கவனிப்பாரற்றும் போனது.

3

நகரம் முதலில் வரைபடமாக இருந்தது, பிறகுதான் மன்றம் வந்தது. அந்த வரைபடத்தைப் பற்றியும் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும்.

கோடு போட்டாற்போல நேராக வெட்டிச்செல்லும் புதுச்சேரித் தெருக்களைப் பார்க்கிறவர்கள் ‘பிரெஞ்சுக்காரன் கட்டுன ஊரு’ என்கிறார்கள். சுற்றுலாத் துறையும் அதைத்தான் சொல்கிறது. 1693 முதல் 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அப்போது அவர்கள் வரைந்த திட்டம் தெ ஹேக் நகர ஆவணக்காப்பகத்தில் கிடக்கிறது. இங்கேயே வாழ்ந்த ஆய்வாளர் ழான் தெலோஷ் அந்தப் பழைய வரைபடங்களை எடுத்து ஒப்பிட்டு, இந்தச் சதுரங்கத் தெருவமைப்பின் மூலம் டச்சுக்காரர்களுடையது என்று காட்டினார். 2005இல் வந்த அவருடைய நூல் பழைய பாண்டிச்சேரி பற்றிய பேச்சையே மாற்றியிருக்க வேண்டும். கடற்கரை விடுதிகளின் விளம்பரத்தை அது மாற்றவில்லை.

நேர்கோட்டுத் தெருவைப் பகுத்தறிவின் வடிவம் என்று புகழ்வது வழக்கம. ஆனால் இங்கே அந்த நேர்கோட்டின் மீது சாதியும் தொழிலும் ஏறி உட்கார்ந்தன. வேளாளர் வீதி, கோமுட்டித் தெரு, யாதவாள் வீதி, வைசியாள் வீதி, முஸ்லிம்களுக்கு முல்லா வீதியும் காஜியார் வீதியும். புல்வாருக்கு வெளியே சேரிகள். கிழக்கே கடலோரம் வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம், நடுவில் பெரிய வாய்க்கால். ஐரோப்பியனின் ஜாமெட்ரியும் தமிழனின் தெருச் சாதியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஒன்று இன்னொன்றுக்குக் கோடு போட்டுக் கொடுத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வரைபடம் ராணுவ எஞ்சினியரின் வேலை. அவனுடைய கண் ஐங்கோணக் கோட்டை மேல், கொத்தளங்கள் மேல். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் ழான் லா தெ லொரிஸ்தோன் பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி எழுப்பினார். ஆகவே ‘இடிந்தது, அதே தோற்றத்தில் கட்டினோம்’ என்பது இந்த ஊருக்கு 2021இல் வந்த புதுப்பழக்கம் இல்லை.

எஞ்சினியரின் வரைபடத்தில் தெரியாதது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தெரியும். 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பில், 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடக்கும்போதே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நாட்கள் பதிவாகியிருக்கின்றன. யார் உத்தரவு போட்டது, ஊர்ப் பெரியவர்கள் எப்படித் தயங்கினார்கள், யார் யார் யாரைப் பார்க்கப் போனார்கள், பிள்ளை தாமே எந்த இடத்தில் நின்றார் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு கட்டிடம் இடிபடுவது ஓர் அரசியல் நிகழ்ச்சி என்பதை அவர் அறிந்திருந்தார். 1846இல் கலுவா-மொம்ப்ரேன் கண்ணில் அந்த நாட்குறிப்பு பட்டது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் நூலாக அச்சேறியது அதற்கும் பிறகுதான். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் அந்த நாட்குறிப்பின் மேல் நின்ற நாவல்கள். துபாஷியின் காகிதத்துக்கு வாசகரும் நாவலாசிரியரும் கிடைத்தார்கள். மேரியின் காகிதத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

4

நகரமன்றம் என்ற எண்ணம் புதுச்சேரிக்குள் புரட்சியோடு வந்தது. 1790இல், பாரிஸ் செய்திகள் கப்பலில் வந்து சேர்ந்ததும், இங்கே வெள்ளைக் குடிமக்கள் சபை கூட்டினார்கள். சுதந்திரம், சமத்துவம் எல்லாம் பேசினார்கள். உடனே ஒரு சிக்கல். தொப்பி போட்டு ஐரோப்பிய உடை உடுத்தி வாழ்ந்த கலப்பினக் கிறித்துவர்கள், தோப்பாக்கள், ‘நாங்களும் குடிமக்கள்தானே’ என்று கேட்டார்கள். இல்லை என்றது சபை. அவர்கள் விடாமல் மனு எழுதினார்கள். புதுச்சேரியில் குடிமகன் யார் என்ற வழக்கு அங்கே தொடங்குகிறது. வாக்குரிமையின் முதல் பக்கமே விலக்கிவைக்கப்பட்டவர்கள் எழுதிய எதிர்ப்பு.

அடுத்தது 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணை. அதன்படி பிரெஞ்சிந்தியா பத்து கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று தொடங்கி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் வரை. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், ஒரு மேயர். 1907இல் எண்ணிக்கை பதினேழாயிற்று. கவனிக்க வேண்டியது, கடற்கரையில் மேரிக் கட்டிடம் எழுந்தது 1870-71இல், அந்த வாழ்வுக்குச் சட்டம் வந்தது 1880இல். துய்ப்ளெக்சுக்கு ஊரில் சிலை வைத்ததும் 1870இல்தான். அந்த வருஷங்கள் பிரெஞ்சுக்காரன் தன் தோல்விகளை மறக்கக் கல்லில் கம்பீரம் தேடிய வருஷங்கள். கட்டிடம் முதலில், மக்கள் பிறகு என்ற வரிசை அப்போதே இருந்தது.

இந்த மன்றத்தை நான் பொற்காலமாக்க வரவில்லை. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, ‘ரெனோன்சான்’ என்ற துறந்தோர் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளையருக்கும் பல்லாயிரம் இந்தியருக்கும் பிரதிநிதித்துவத்தில் ஒரே எடை கிடைக்கும்படியான கணக்கு. 1899இல் பட்டியல் இரண்டாகச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் ஒரே பட்டியல் வந்தது. என் தாத்தா ஓட்டுப் போட்டிருந்தால் இரண்டாம் பட்டியலில் போட்டிருப்பார்.

துறந்தோர் கதை தனியாக எழுத வேண்டிய கதை. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போல் காலில் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். தண்டிக்கப்பட்டார். பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21 ஆணை, சாதி, மத வழக்கத்தைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வர இந்தியருக்கு வழி திறந்தது. துறந்தவர் ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ என்று வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள். பதிவேட்டின் முன் நின்று ஒரு வாக்குமூலம் கொடுத்தால் சாதிச் சட்டத்திலிருந்து வெளியே வரலாம் என்றதும், கிறித்துவர்கள், அவர்களில் பல தலித்துகள், வந்து நின்றார்கள். பழக்கவழக்கம் போய்விடும் என்று நடு சண்முக முதலியாரின் கட்சி எதிர்த்தது. மேல்சாதிச் செல்வாக்கின் அடித்தளமே ஆடுகிறதே என்ற பதற்றம் அந்த எதிர்ப்பில் இல்லாமலில்லை. துறந்தோர் இந்தியரின் பட்டியலிலும் இல்லை, ஐரோப்பியரின் பட்டியலிலும் இல்லை என்று தனியே நிறுத்தப்பட்டது இதற்குப் பிறகு.

மேரியின் காகிதங்களில் இதெல்லாம் கிடக்கிறது. தேர்தல் முறைகேடு, அடிதடி, சாதிக்கட்சி, வெள்ளையர் ஒதுக்கீடு எல்லாம். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு விஷயமும் வருகிறது. குழாய்த்தண்ணீர் எந்தத் தெருவுக்கு, விளக்கு எங்கே, சந்தை வரி எவ்வளவு என்பதை, எவ்வளவு கோணலாக இருந்தாலும், பெயர் சொல்லக்கூடிய சில மனிதர்கள் ஒரு அறையில் கூடி வாதாடித் தீர்மானித்தார்கள். யார் எந்தப் பக்கம் பேசினார் என்பது எழுதிவைக்கப்பட்டது. திட்டமிடுதலுக்கு ஒரு பொறுப்பாளி இருந்தான், அவனைத் திட்டவாவது முடிந்தது.

5

இனி, நமது தேசியவாத வரலாறு சொல்லத் தயங்கும் ஒரு செய்தி.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை மக்கள் தீர்மானிக்க வேண்டும். வாக்கெடுப்பு எப்போது, எப்படி என்று முடிவு செய்யும் பொறுப்பு நகரமன்றங்களிடம் விடப்பட்டது. அந்த அக்டோபரில் மன்றத் தேர்தல்கள் நடந்தன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19ஆம் தேதி மக்களே ஓட்டுப் போட்டார்கள்: இந்தியாவோடு சேர 7,473 பேர், எதிராக 114 பேர். புதுச்சேரியில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. பிரெஞ்சு ஆதரவாளராயிருந்த எதுவார் குபேர் 1954 மார்ச்சில் அணி மாறினார். புதுச்சேரி வட்டார மன்றங்கள் இணைப்புத் தீர்மானம் போட்டன. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது.

கீழூரில் ஓட்டுப் போட்ட அந்த 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரமன்ற உறுப்பினர்களும். அதாவது இந்த நிலப்பரப்பு இந்தியாவோடு இணைந்ததற்கான ஜனநாயகச் சான்று பெருமளவு மேரிகளிலிருந்து வந்தது. மக்களை நேரடியாகக் கேட்காமல், ‘மன்ற உறுப்பினர்களைக் கேட்டோம், அவர்கள் மக்கள்தான்’ என்று சொன்னார்கள். அதை ஏற்கலாம், விமர்சிக்கலாம். ஆனால் மன்ற உறுப்பினர் என்றால் மக்கள் என்று 1954இல் சொன்ன அரசு, அதே மன்றத்தைப் பிற்பாடு என்ன செய்தது?

1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைக்குப் பதிலாக 1973இல் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம் வந்தது. மேயர் போய் நகராட்சித் தலைவர் வந்தார், சட்டத்தில். தேர்தல் வரவில்லை. 1992இல் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நிறைவேறி அடுத்த ஆண்டு அமலுக்கு வந்தது. ஒரு மன்றத்தின் காலம் முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்றது அது. அப்போதும் வரவில்லை. தொகுதி வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு. 2006இல்தான், நீதிமன்றங்களின் நெருக்கடிக்குப் பிறகு, தேர்தல் நடந்தது. இடைவெளி 38 வருஷம். அந்த மன்றங்கள் ஐந்தாண்டு இருந்தன. 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவித்து, இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் அதுவும் நின்றது. பிரதமர் மேரியைத் திறந்த அதே ஆண்டு.

என் அத்தை 1968இல் தம் 37ஆவது வயதில் மேரித் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டார். அடுத்து 2006இல், 75ஆவது வயதில். “ரெண்டு தபா போட்டேன், அவ்ளோதான்” என்பார். நடுவில் அவர் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சளைக்காமல் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். தெருச் சாக்கடைக்குத்தான் போட முடியவில்லை.

இதற்குக் காரணம் வழக்குகள் என்று சொல்வது பாதி உண்மை. முப்பது தொகுதி கொண்ட ஒரு சின்ன ஒன்றியப் பிரதேசத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஆட்சிப்பரப்பு சில வார்டுகள்தான். வார்டுக்கு வார்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் வந்துவிட்டால் பல்புக்கும் பைப்புக்கும் ஜனங்கள் அங்கே போவார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு மாறவில்லை என்பதுதான் என் வாசிப்பு. இடஒதுக்கீடு வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையும் தேர்தல் வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையும் ஒன்றோடொன்று மோதவிடப்பட்டு, இரண்டுமே கிடப்பில் போடப்பட்டன. மகளிருக்கும் தலித்துகளுக்கும் மன்றத்தில் கிடைத்திருக்க வேண்டிய இடங்கள் அந்தக் கிடப்பில்தான் இருந்தன.

6

மன்றம் இல்லாத காலத்தில் நகரத் திட்டங்கள் நின்றுவிடவில்லை. பெருகின.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. அதன் பிறகு உலக வங்கிக் கடனில் கடலோரப் பேரிடர் ஆபத்துக் குறைப்புத் திட்டம் வந்தது. மேரி திரும்ப எழுந்தது அந்தத் திட்டத்தின் கீழ். 2017இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தை நடத்துவது ஒரு கம்பெனி, அதை நடத்துவோர் அதிகாரிகள். எந்தத் தெருவில் கல் பாவுவது, எந்தச் சந்தையை இடித்துக் கட்டுவது என்ற முடிவுகள் கோப்புகளாக மேலும் கீழும் போயின. வாதம் நடக்க வேண்டிய அறை மட்டும் காலி. நாளைக்கு ஒரு வரலாற்று மாணவர் 2011க்குப் பிந்தைய நகரத் திட்டங்களின் ஆவணங்களைத் தேடினால் அவருக்கு மதிப்பீடுகள், டெண்டர்கள், ஆலோசகர் அறிக்கைகள் கிடைக்கும். எதிர்த்துப் பேசிய ஒரு வார்டு உறுப்பினரின் பேச்சு கிடைக்காது. 1880களின் காலனிய மன்றத்தில்கூட எதிர்ப்புக்கு ஒரு பக்கம் இருந்தது.

பாரம்பரியப் பாதுகாப்புக்காரர்களை நான் குறைசொல்லவில்லை. இன்டாக் அமைப்பினர் இந்த ஊருக்குச் செய்தது அதிகம். 2002 வாக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா-உர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னவ்-சுர்-லோத் நகரங்களோடு சேர்ந்து, தமிழர் பகுதியின் வைசியாள் வீதியைச் செப்பனிட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பாரம்பரியம் என்றால் வெள்ளையர் பகுதி மட்டும்தான் என்ற எண்ணத்தை உடைத்த வேலை அது. அங்கே மீட்கப்பட்டவற்றில் முக்கியமானது தாழ்வாரம். வீட்டுக்காரர் தெருவோரத்தில் மரத்தூண் நட்டு ஓடு போட்டு இறக்குகிறார், கீழே போகிறவர் வருகிறவர் எல்லாம் வெயிலுக்கு ஒதுங்குகிறார்கள். தாழ்வாரம் வீட்டுக்குச் சொந்தமா, தெருவுக்குச் சொந்தமா? சட்டப்படி கேட்டால் ஆக்கிரமிப்பு, வழக்கப்படி கேட்டால் தர்மம். அந்தத் தெருவின் தாழ்வாரத்தில் எல்லாச் சாதிக்காரரும் ஒதுங்க முடிந்ததா என்பது கேட்டே ஆக வேண்டிய மூன்றாவது கேள்வி. இப்படிப்பட்ட கேள்விகளைத் தீர்க்கவே நகரமன்றம் என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. முகப்பைச் செப்பனிடும் நிபுணர் இதைத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது.

சைக்கிள் பெரியவருக்கு வருகிறேன். ‘இருந்தா என்ன, வுழுந்தா என்ன’ என்ற அவருடைய கசப்பை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. கட்டிடம் திரும்ப எழுந்தது நல்லது. காலியாகவாவது நிற்கட்டும். ‘இது என்ன கட்டிடம்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் ‘மேரி’ என்று சொல்ல வேண்டிவரும், ‘மேரின்னா?’ என்றால் விளக்க வேண்டிவரும்.

எழுத்தாளர்களும் இயக்கத்தவரும் படிக்கும் பத்திரிகை இது என்பதால் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். எத்மோன் குடார் பழைய பிரெஞ்சிந்திய ஆவணங்களுக்குப் பல தொகுதிகளில் பட்டியல் போட்டு அச்சிட்டார். அதுபோல 1880 முதலான நகரமன்ற ஆவணங்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் வேண்டும். மன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் முக்கியமானவை மொழிபெயர்ந்து வர வேண்டும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை ஊழியர்களில் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள், அவர்களோடு உட்கார இளைஞர்கள் வேண்டும். 1968இல் ஓட்டுப் போட்டவர்களிடம் அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் எண்பதைத் தொட்டவர்கள், தள்ளிப்போட நேரமில்லை. திரும்பக் கட்டிய மேரியில் ஒரு அறையையாவது இந்தக் காகிதங்களுக்கு ஒதுக்கி, யாரும் வந்து தாத்தாவின் கையெழுத்தைப் பார்க்கலாம் என்று திறந்துவைக்கக் கோர வேண்டும். கூடவே, அந்தக் கட்டிடத்தின் நாற்காலிகளில் உட்காரப்போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்க வேண்டும். ஆவணத்துக்கான கோரிக்கையும் தேர்தலுக்கான கோரிக்கையும் எனக்கு ஒரே மனுவாகத்தான் தோன்றுகிறது. 1790இல் தோப்பாக்கள் எழுதத் தொடங்கிய மனு அது.